பாடவேளையின் முதல் ஐந்து நிமிடங்கள்

அலுவலகத்தில் கணினி மக்கர் பண்ணினால், அதை வைத்திருப்பவர் ஒரு புகாரை எழுதிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். தொடக்கப் பள்ளியில் அந்த வசதி கிடையாது. டீச்சர் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார், திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், எதிரே முப்பது பிள்ளைகள். முதல் நிமிடம் எல்லோரும் ஆவலாகத் திரையைப் பார்ப்பார்கள். இரண்டாவது நிமிடம் பின்வரிசையில் பேச்சு தொடங்கும். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன் மேஜைக்கு அடியில் இருப்பான். அதற்குப் பிறகு கணினி சரியாகிவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. கலைந்த வகுப்பைத் திரட்டுவதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும்.

சில வருடங்களாக ஒரு தொடக்கப் பள்ளியில் கணினிகள், டேப்லெட்டுகள், புரொஜெக்டர், இணையம் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள உதவிவருகிறேன். இந்த வேலையில் காப்பாற்ற வேண்டியது அந்த முதல் ஐந்து நிமிடங்களைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். எந்த மெஷின் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது, இணைய வேகம் எவ்வளவு என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும்.

ஏனென்றால், கணினி ஒருநாள் பழுதானால் மறுநாள் சரிசெய்துவிடலாம். டீச்சருக்கு அதன்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விட்டால் அது அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. ஓரிரு தடவை பிள்ளைகள் முன்னால் நின்று தவித்த டீச்சர், அப்புறம் அந்தத் திரைப் பக்கமே போகமாட்டார். புகார்கூடச் சொல்லமாட்டார். பேசாமல் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார். அதனால், ஒரு வகுப்பிலிருந்து ரொம்ப நாளாகப் புகாரே வரவில்லை என்றால் எனக்குக் கவலை வரும். அங்கே எல்லாம் நன்றாக ஓடுகிறது என்பதைவிட, அங்கே யாரும் அதைத் தொடுவதில்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த ஐந்து நிமிடத்தைத் தின்னும் பழுதுகளில் பெரும்பாலானவை சின்னச் சின்னவை. ஆனால் வெளியே தெரியும் அறிகுறிக்கும் உள்ளே இருக்கும் காரணத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். நான் அடிக்கடி பார்ப்பது கடிகார பேட்டரி. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் "இன்டர்நெட் வரலை சார்" என்று ஒரு வகுப்பிலிருந்து மட்டும் தகவல் வரும். போய்ப் பார்த்தால் இணையம் வந்துகொண்டுதான் இருக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கைதான் நிற்கும். திரையின் ஓரத்தில் தேதியைப் பார்த்தால் கணினி பல வருடம் பின்னால் போயிருக்கும்.

கணினியின் மதர்போர்டில் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. பெரும்பாலும் அது சிஆர் 2032, மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாதபோதும் உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். கணினியின் பிளக்கைச் சுவரில் செருகி, சுவிட்சும் போட்டிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் அந்த பேட்டரிக்கு அதிக வேலை இல்லை. பள்ளியில் நீண்ட விடுமுறைக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவோம், போகத்தான் வேண்டும். அந்த வாரங்களில் முழுச் சுமையும் பேட்டரியின் தலையில். வயதான பேட்டரி அங்கே செத்துவிடும், தேதி பழையதற்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு இணையதளமும் தான் உண்மையானது என்பதற்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டும் உண்டு. பல வருடம் முந்தைய தேதியில் நிற்கும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் தொடங்காதவையாகத் தெரியும். அதனால் எல்லாத் தளத்தையும் சந்தேகப்படும்.

தேதியை மாற்றிவிட்டால் அன்றைய வகுப்பு ஓடிவிடும். பேட்டரியை மாற்றினால் அடுத்த சில வருடங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அந்த பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம். சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. சிக்கிய இடத்தில் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். கணினிக்குப் பயன்படாத பழைய பேட்டரியிலும் அதற்குத் தேவையான மின்சாரம் மிச்சம் இருக்கும். அதனால் வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கும்போது கணினியின் மூடியைத் திறப்பதே இல்லை. கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, கையோடு எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவேன். பள்ளிகளில் வேலை செய்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

இன்னொரு வகைப் பழுது மொத்தப் பள்ளியையும் நிறுத்திவிடும். ஒருநாள் காலையில் எல்லா வகுப்பிலும் இணையம் போய்விட்டது. அலுவலக அறையில் அச்சுப்பொறிகூட அசையவில்லை. எல்லா வகுப்புகளின் கேபிள்களையும் இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்ச் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். வழக்கமாக அதன் விளக்குகள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு மினுக்கும். அன்று எல்லாம் ஒன்றுசேர்ந்து வெறிபிடித்ததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. எங்கோ ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே நெட்வொர்க்கில் செருகப்பட்டிருக்கின்றன.

ஒரு கணினி "எல்லோரும் கேளுங்கள்" என்று அனுப்பும் செய்தியை சுவிட்ச் எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும். கேபிள் வளையமாக இருந்தால் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டு அதே சுவிட்சுக்குத் திரும்பி வரும். சுவிட்ச் அதைப் புதுச் செய்தியாக நினைத்து மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பும். நொடிகளில் இது பெருகி, உருப்படியான எந்தச் செய்திக்கும் இடமில்லாமல் போய்விடும். இதற்கு 1985-ல் ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தபோது ஒரு தீர்வு கண்டுபிடித்தார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வளையம் இருக்கிறதா என்று பார்த்து, அதில் ஒரு வழியைத் தாங்களே அடைத்துவிடும் முறை அது. ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். பெரிய நிறுவனங்களின் சுவிட்சுகளில் எல்லாம் இது இருக்கும். பள்ளிகளில் வகுப்பறை மூலையில் வைக்கும் மலிவான சின்ன சுவிட்சுகள் பலவற்றில் இருக்காது.

ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்ததில் ஒரு வகுப்பறையின் கேபிளைப் பிடுங்கியதும் விளக்குகள் அமைதியாயின. அந்த அறையில் யாரோ தரையில் கிடந்த கேபிள் முனையைப் பார்த்து, கழன்று விழுந்துவிட்டது போல என்று அக்கறையோடு எடுத்துச் சுவரில் செருகியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் சொல்லமாட்டேன். தரையில் ஒரு கேபிள் கிடந்தால் அதைச் செருகுவதுதான் நல்ல மனசுக்காரர்கள் செய்யக்கூடியது. கேபிள் கிடக்கும்படி விட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போது மையத்தில் இருக்கும் சுவிட்ச் வளையத்தைத் தானே கண்டுபிடிக்கும் வகை. வகுப்பறைகளில் தேவைக்கு மேல் ஒரு முழம் கேபிள்கூடக் கிடையாது. ஒவ்வொரு முனையிலும் அது எங்கே போகிறது என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

கம்பியில்லா இணையத்திலும் இதுபோல் ஒரு நெரிசல் உண்டு. முப்பது டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் கண்விழிக்கும். ஒவ்வொன்றும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கோப்புகளை இறக்கத் தொடங்கும். ஒரு வைஃபை பெட்டி ஒரு சேனலில் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒருவரோடுதான் பேசும் என்பதால் மற்றவை காத்திருக்கும். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வகுப்பின் பெட்டியும் அதே சேனலில் இருந்தால் இன்னும் மோசம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது, புதுப்பித்தலைப் பள்ளி முடிந்த பிறகு வைப்பது என்ற இரண்டையும் செய்தாலே பாதி பிரச்சினை தீரும். டேப்லெட்டுகளுக்குச் சார்ஜ் போடும் இரும்பு வண்டிக்குள் சிக்னல் சரியாகப் போகாது என்பதால், அதன் கதவைத் திறந்துவைத்துவிட்டு அறையைப் பூட்டுவோம்.

இதெல்லாம் எந்தக் கட்டடத்திலும் நடக்கக்கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் சிக்கல்கள் வேறு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் அதுதான்.

விசைப்பலகையை ஒருமுறை ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். அதில் அச்சடித்திருக்கும் ஆங்கில எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்து. வகுப்பில் அவர்கள் அப்போதுதான் சிறிய எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். உள்நுழையக் கொடுத்த அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் பயனர் பெயரை, பெரிய எழுத்துகள் மட்டுமே இருக்கும், அகர வரிசையிலும் இல்லாத ஒரு பலகையில் தேடித்தேடி அழுத்த வேண்டும். கடவுச்சொல்லோ வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். எந்த எழுத்து தப்பானது என்று பார்த்துத் திருத்தவும் வழியில்லை. நடுவில் கேப்ஸ் லாக் பட்டுவிட்டால் அவ்வளவுதான். உள்நுழைவதற்கே ஒரு பாடவேளை முழுவதும் போன வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மந்தமானவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவு கடினம்.

அதற்கு நாங்கள் செய்தவை சாதாரணமானவை. சிறிய எழுத்து ஸ்டிக்கர்களை விசைகளில் ஒட்டினோம். சின்ன வகுப்புகளுக்குக் கடவுச்சொல் தட்டுவதற்குப் பதிலாக, கேமரா முன் காட்டினால் உள்ளே விடும் கியூஆர் அட்டை. அட்டைகள் டீச்சரின் பெட்டியில் இருக்கும், பாடம் முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்வார். பெரிய பிள்ளைகள் தாங்களே கடவுச்சொல் தட்டுவார்கள்; அது ரகசியம் என்பதையும், முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும் என்பதையும் அந்த வயதிலேயே அழகாகப் பழகிக்கொள்கிறார்கள்.

இரட்டைக் கிளிக் இன்னொன்று. விண்டோஸில் வழக்கமான அமைப்பின்படி இரண்டு கிளிக்கும் அரை நொடிக்குள் நடக்க வேண்டும், நடுவில் மவுஸ் நகரவும் கூடாது. பெரியவர்கள் அளவுக்குச் செய்த மவுஸைக் குட்டிப் பிள்ளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுத்தும்போது அது கட்டாயம் நகரும். கண்ட்ரோல் பேனலில் இரட்டைக் கிளிக்கின் வேகத்தை வெகுவாகக் குறைத்து, சின்ன மவுஸ்கள் வாங்கிப் போட்ட பிறகு, முதல் வகுப்பில் கை தூக்கும் பிள்ளைகள் பளிச்சென்று குறைந்துவிட்டார்கள். அமைப்பை மாற்ற ஒரு கணினிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஹெட்ஃபோன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் முனை கணினியின் துளைக்குள் ஒடிந்து மாட்டிக்கொள்வது பள்ளிகளின் நிரந்தரத் தொல்லை. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சின்ன நீட்டிப்பு கேபிளைச் செருகி அதை எடுக்கவே விடாதீர்கள். உடைந்தால் அந்தக் கேபிள்தான் உடையும், கணினி தப்பித்துவிடும்.

மென்பொருள் பக்கம் வந்தால், டீச்சர்களின் மனக்குறை ஒன்று நியாயமானது. பல வருடம் தேடிச் சேர்த்து, பாடத்தோடு பொருத்தி வைத்திருந்த விளையாட்டுகளும் பயிற்சிகளும் ஒருநாள் திறக்காமல் போயின. அடோபி நிறுவனம், அவை ஓடத் தேவைப்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் ஓடுவதையே தடுத்துவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகள் நிறைந்த ஒன்றை நிறுத்தியதில் தப்பில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கான கணக்கு விளையாட்டுகளில் பெரும்பகுதி அதில்தான் செய்யப்பட்டிருந்தது. "அது இனி வராது டீச்சர்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் திரும்ப என்னால் முடியாது. அது அவருடைய உழைப்பு. உட்கார்ந்து, அந்தப் பயிற்சி எதற்காக என்று கேட்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைத் தேடிக் கொடுப்பதும் இந்த உதவியில் சேர்ந்ததுதான்.

அந்தச் சமயத்தில் பலரும் ஸ்கிராட்ச் பக்கம் திரும்பினார்கள். எம்ஐடி மீடியா லேபிலிருந்து 2007-ல் வெளிவந்த பிள்ளைகளுக்கான இந்த நிரல் மொழியும், 2013-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஃபிளாஷை நம்பித்தான் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பில் அதை விட்டுவிட்டார்கள். இதன் வேர் இன்னும் பழையது. 1967-ல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபியூர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற மொழியில், ஆமைக்கு "முன்னே போ, திரும்பு" என்று கட்டளை கொடுத்துப் படம் வரைய வைப்பார்கள். கணினி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, பிள்ளை கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பேப்பர்டின் எண்ணம் எனக்கு இப்போதும் சரியாகவே படுகிறது. ஸ்கிராட்ச் திரையில் தான் நகர்த்த நினைத்த பூனை வேறு பக்கம் ஓடும்போது, ஏன் என்று எழுந்து நின்று தானே நடந்து பார்க்கும் பிள்ளையைப் பார்த்தால் உங்களுக்கும் படும்.

பழைய கணினிகளைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் அவர்கள் பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். நன்கொடையாக வந்த கணினிகள் பலவற்றில் இவை இருக்காது. அவற்றைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் மாதிரி ஓர் இலவச இயங்குதளத்தை நிறுவினால், உலாவியும் ஸ்கிராட்சும் நன்றாகவே ஓடும். எழுந்துவரவே பல நிமிடம் எடுத்த கணினி ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். ஆனால் ஒரு வகுப்பறையில் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாதி ஒரு திரை, பாதி இன்னொரு திரை என்றால் "மேலே இடது மூலையை அழுத்துங்கள்" என்று டீச்சர் சொல்ல முடியாது.

இலவச இணையதளங்களில் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவது பற்றியும் டீச்சர்களிடம் அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1998-ல் வந்த ஒரு சட்டம், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களை இணைய நிறுவனங்கள் சேகரிக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது. பல சேவைகளில் 13 என்ற வயது எல்லை வந்தது அதனால்தான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அந்த எல்லைக்குக் கீழே. பிறந்த தேதியை மாற்றிப் போட்டு உள்ளே போவதைப் பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுக்கக் கூடாது. பதிவு செய்யாமலே பயன்படுத்தக்கூடியதாக இருந்தால் முதல் விருப்பம் அதற்குத்தான். வேறு வழியில்லை என்றால் பள்ளியின் அனுமதியோடு, முழுப் பெயர் இல்லாமல், "நீலம் 4" மாதிரி ஓர் அடையாளம்.

பிள்ளைகளையே உதவியாளர்களாக வைத்துக்கொள்வதும் எங்கள் பள்ளியில் நன்றாக நடக்கிறது. அதற்கு ஒரே விதி: பக்கத்துப் பிள்ளையின் மவுஸைத் தொடக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். எங்கே அழுத்த வேண்டும் என்று வாயால் சொல்ல, முதலில் தனக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த விதி எனக்கும் உண்டு. டீச்சருக்கு உதவப் போகும்போது மவுஸைக் கையில் வாங்கி, படபடவென்று நாலு இடத்தில் அழுத்தி, "சரியாயிடுச்சு" என்று சொன்னால் அந்த நிமிடம் தப்பிக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் அவர் மறுபடி நிற்பார். அவர் கையிலேயே மவுஸ் இருக்க, நான் பக்கத்தில் நின்று சொன்னால் கொஞ்சம் நேரமாகும், ஆனால் அது அவருடையதாகிவிடும்.

பிள்ளைகளிடம் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவர முயல்கிறோம். திரையில் ஏதாவது பெட்டி வந்தால் அதை மூடுவதற்கு முன் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத குட்டிகள் டீச்சரைக் கூப்பிட வேண்டும். ஒரு சின்னப் பையன் ஒருமுறை என்னிடம், "அது என்னமோ கேட்டுச்சு, நான் வேணாம்னு சொல்லிட்டேன், அப்புறம் பாட்டு வரலை" என்றான். இதைவிடத் தெளிவாக ஒரு பழுதைப் பெரியவர்கள்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. ஒலிக்கு அனுமதி கேட்ட பெட்டியை அவன் மறுத்திருந்தான். அவன் சொன்னதை வைத்தே அரை நிமிடத்தில் சரிசெய்ய முடிந்தது.

நீங்களும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு இப்படி உதவலாம் என்று நினைத்தால், போன உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு வகுப்புகளில் பின்னால் உட்காருங்கள். பாடம் தொடங்கும் நேரத்தில் டீச்சரின் கை எங்கெல்லாம் போகிறது, எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு டீச்சரிடமும் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "முன்னாடி பயன்படுத்திக்கிட்டு இருந்து, இப்போ விட்டுட்டது எது?" என்ன பிரச்சினை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். இப்படிக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் இரைச்சல், அடைத்துப்போன ஃபில்டரால் சூடேறி நடுப்பாடத்தில் அணைந்துவிடும் புரொஜெக்டர், யாருக்கும் தெரியாத ஒரு கடவுச்சொல் என்று வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அவற்றில் ஒன்றை அதே வாரத்தில் சரிசெய்யுங்கள். மறுநாள் பாடம் தொடங்குவதற்கு முன்பே போய், அந்த டீச்சர் தன் கையால் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்வரை கூட இருங்கள்.